பொட்டைச் சுற்றி அடித்த பெயிண்ட்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் என்னை ஒரு நிமிஷம்கூட முழுசாகப் பார்க்கவில்லை. பஜ்ஜியைப் பார்த்தார், காபி டம்ளரைப் பார்த்தார், எழுந்து போய் "புடிச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினார். அதே மனுஷன் ஒரு பழைய வெல்டிங் மெஷினைப் பார்க்கப் போனால் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து, காது கொடுத்துக் கேட்டு, மோந்து, தட்டி, தடவி முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்கிற எனக்குக் கால் வீங்கிவிடும். பேசாமல் ஒரு மெஷினாகப் பிறந்திருக்கலாம் என்று ஒரு தரம் வாய்விட்டே சொன்னேன். "சும்மா இரு, சத்தம் கேக்கல" என்றார். சத்தம் என்றது மெஷினுடைய சத்தத்தை. என்னுடைய சத்தம் அவருக்கு எப்போதும் நன்றாகவே கேட்கும்.

அவர் வெல்டர். செம்மங்குப்பம் பக்கம் இருக்கிற கம்பெனிகளில் காண்டிராக்டர் மூலமாக வேலை. ஷட்டவுன் என்று ஒன்று வரும். பிளாண்டை நிறுத்தி வைத்துவிட்டுப் பைப்பு, டேங்கு எல்லாம் மாற்றுவார்கள். அப்போது வீட்டுக்கு வந்து தூங்கக்கூட நேரம் இருக்காது. ஷட்டவுன் முடிந்தால் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஃபேன் சுற்றுவதைப் பார்க்க வேண்டியதுதான். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். ஷட்டவுன் இல்லாத நாட்களில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், ஸ்கூலுக்கு லீவு போட்ட பிள்ளை மாதிரி. பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அதனால் சொந்தமாகக் கடை போடலாம் என்று பேச்சு வந்தது. கேட்டு, கிரில், மாடிப்படிக் கைப்பிடி, இதெல்லாம் அடிக்க அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். தெருமுனையில் ஒரு ஷெட்டைப் பேசி வைத்தோம். கட்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின் எல்லாம் ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. நான் தரை துடைக்கும்போது அவற்றை நகர்த்தி நகர்த்தி இடுப்பு போனது வேறு விஷயம். இல்லாதது வெல்டிங் மெஷின் மட்டும்தான். புதுசு வாங்குகிற வசதி இல்லை. இப்போது வருகிற இன்வெர்ட்டர் மெஷின் டிபன் பாக்ஸ் சைஸில் இருக்கிறதே, அதை வாங்கலாமே என்றேன். "உப்புக் காத்துக்கும் லோ வோல்டேஜுக்கும் போர்டு புட்டுக்கும். பழைய மாடல் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்தான் தாங்கும்" என்றார். சரி, பழசே பார்க்கலாம் என்று ஆயிற்று.

இதற்கு நடுவில்தான் மஸ்கட் விசா வந்து குதித்தது. அவருடைய அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். நல்ல மனுஷர். பிரச்சனையே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் "போய்யா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்பா இல்லாத வீட்டில் தம்பியை ஐ.டி.ஐ.யில் சேர்த்து, ஆளாக்கி, எனக்குக் கட்டிவைத்ததே அவர்தான். தம்பி சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று அங்கே யார் யாரையோ பிடித்து ஒரு வெல்டர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். தினம் வாட்ஸப்பில் குரலை அனுப்புவார். "தம்பி, ஏசி ரூமுடா. சாப்பாடு கம்பெனிது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி லீவு." ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி என்பதை என்னமோ தீபாவளி போனஸ் மாதிரி சொல்லுவார்.

என் வீட்டுக்காரர் அண்ணனிடம் முடியாது என்று பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அதனால் சுற்றி வளைத்து ஒன்று சொன்னார். "அண்ணே, இங்க நல்ல மெஷினா ஒண்ணு கெடைச்சா கடை போட்டுடறேன். கெடைக்கலன்னா வந்துடறேன்." அண்ணனும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். மாசக் கடைசி வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், வெள்ளி சனி அங்கே ஆபீஸ் லீவு, அதற்கு மேல் போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார்.

ஆக, என் புருஷன் என் பக்கத்தில் இருப்பதா, கடலைத் தாண்டிப் போவதா என்பதை ஒரு பழைய இரும்புப் பெட்டி முடிவு பண்ணும்படி ஆயிற்று. எனக்கு அவர் போவதில் துளிக்கூட இஷ்டமில்லை. சம்பளம் ஜாஸ்தி, மாடி கட்டலாம், மகளை நல்ல காலேஜில் சேர்க்கலாம், எல்லாம் சரி. என் ஓரகத்தி இருக்கிறாள் பாருங்கள், அண்ணனுடைய மனைவி, பெரிய வீடு, மார்பிள் தரை, எல்லா ரூமிலும் டிவி. புருஷன் மட்டும் போனுக்குள் இருக்கிறார். சோறு ஊட்டுகிற மாதிரி போனை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். அதைப் பார்த்தாலே எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

இதை அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நான் போகாதே என்று சொல்லி, நாளைக்குக் கடையில் ஈ ஓட்டினால், "பொண்டாட்டி பேச்சக் கேட்டு விசாவ விட்டான்" என்று இரண்டு குடும்பமும் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டும். மெஷின் கிடைத்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. அதுவுமில்லாமல், இத்தனை வருஷம் குப்பை கொட்டியவருக்கு இதைக்கூட நான் வாயால் சொல்ல வேண்டுமா என்று ஒரு வீம்பு. அவராகத் தெரிந்துகொள்ளட்டுமே!

அவருடைய சிநேகிதர்கள் மெஷின் இருக்கிற இடமாகப் பார்த்துச் சொன்னார்கள். நானும் லீவு போட்டுவிட்டுக் கூடவே கிளம்பினேன். அதற்கு முன்னால் கடையில் பில் போடும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்து நானும் அரை வெல்டர் ஆகிவிட்டேன். உள்ளே கம்பி சுற்றியிருக்கிற காயில் காப்பரா அலுமினியமா என்று பார்க்க வேண்டும். காப்பர் என்றால் கனமாக இருக்கும், மேலே வார்னிஷைச் சுரண்டினால் செவப்பாகத் தெரியும். அலுமினியம் என்றால் வெளுப்பு. அதற்கு மேலே செப்புக் கலரில் வார்னிஷ் பூசி ஏமாற்றுகிற மகானுபாவர்களும் உண்டு. ஒரு வெல்டிங் ராடு எரித்துப் பார்த்துவிட்டு ஆகா என்று வந்துவிடக் கூடாது. விடாமல் நாலைந்து எரித்துவிட்டு, பெட்டி எவ்வளவு சூடாகிறது, கருகல் வாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நான் ஒப்பித்தபோது அவர் "எனக்கே பாடமா?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, வராதே என்று சொல்லவில்லை.

இங்கே என் குலம் கோத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கடலோரக் குப்பத்துப் பெண். அப்பா படகில் போவார், அம்மா மீன் வாங்கி விற்பாள். அம்மா ஒரு கூடை மீனை வாங்க முடிவு பண்ணிவிட்டால் அந்த மீனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. "கண்ணு செத்துப்போச்சு, செவுளு வெளுத்துப்போச்சு, இத பூனகூட மோந்து பாக்காது" என்று ஏலக்காரன் முகத்துக்கு நேராக வைவாள். வேண்டாத மீனை யாரும் வைய மாட்டார்கள், ஒன்றும் பேசாமல் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பிடித்த பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் விலை எப்படிக் குறையும்? நான் புடவை எடுத்தாலும் இப்படித்தான், கத்திரிக்காய் வாங்கினாலும் இப்படித்தான். பெண் திட்ட வேண்டும், ஆண் கொஞ்ச நேரம் கழித்து, "சரி விடு, மனுஷன் இவ்ளோ சொல்றாரு" என்று சமாதானமாக நடுவில் வந்து காரியத்தை முடிக்க வேண்டும். எங்கள் அப்பா இதில் கெட்டிக்காரர்.

என் வீட்டுக்காரர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஆள். அங்கே ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு அந்த ஒரு அர்த்தம்தான்.

முதலில் போனது காடாம்புலியூர். ஒரு முந்திரிக் கம்பெனிக்காரர் தன்னுடைய ரிப்பேர் ஷெட்டை மூடிவிட்டு மெஷினைத் தள்ளிவிடப் பார்த்தார். பின்பக்கம் பலாப்பழம் குவிந்து கிடந்து ஈ மொய்க்கிற இடத்தில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார்கள். சாக்கை எடுத்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மூடியைக் கழற்றிக் காயிலைச் சுரண்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது. கறுப்புக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பத்தாம் நம்பர் ராடு எரித்தார். உரசினதும் பொறி பிடித்துக்கொண்டது. எரித்து முடித்து ஆறினதும் மேலே இருந்த கசடு தட்டாமலேயே உரிந்து விழுந்தது. கீழே வெல்டிங் வரிவரியாகப் படிந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். வந்துவிட்டதடா நம்ம மெஷின், மஸ்கட்டாவது மண்ணாவது!

உடனே ஆரம்பித்தேன். "இன்னாங்க இது, ஒரு வீலு நொண்டுது. கேபிளு வெடிச்சிப்போச்சு. எந்தக் காலத்து மெஷினு? எங்க தெருவுல காயலாங்கடைக்காரன் வருவான், அவன்கூட எடுக்க மாட்டான். பலாப்பழ ஈயெல்லாம் உள்ள பூந்து குடும்பம் நடத்துது. இத வெச்சு கேட்டு அடிச்சா கேட்டும் நொண்டும்." கம்பெனிக்காரர் ஆடிப்போய்விட்டார். "எம்மா, மெஷின் வாங்க வந்தியா, சண்ட போட வந்தியா?" என்றார். நல்ல அறிகுறி. இனி என் வீட்டுக்காரர் நடுவில் வந்து சமாதானம் பேசி முடிக்க வேண்டியதுதான் என்று நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். "அப்ப வேணாங்க. வா, போலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் அந்தக் கம்பெனிக்காரர் ஒரு பலாப்பழத்தைக் கொடுத்தார், இவ்வளவு திட்டு வாங்கியும்! பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் மாமா வேணான்ன?" என்று கேட்டேன். வெளியாட்கள் முன்னால் நீங்க, வாங்க எல்லாம் போடுவேன், தனியாக இருந்தால் நீ, வா, போதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சத்தம் சரியில்ல" என்றார். சத்தமாம்! அது கோயில் நாதஸ்வரமா, சுருதி சுத்தமாக இருப்பதற்கு?

அடுத்தது எங்கள் பக்கமே, முதுநகர் துறைமுகத்தில் படகு வேலை செய்கிற ஒருத்தர் வைத்திருந்த மெஷின். அதுவும் காப்பர். வாராவாரம் துடைத்து எண்ணெய் போட்டுக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். மகளுக்குக் கல்யாணம், விற்கிறார். என் பேட்டை ஆயிற்றே, காடாம்புலியூரில் காட்டியதைவிட இரண்டு மடங்கு திறமையைக் காட்டினேன். "துருவ எண்ண போட்டு மறைச்சிட்டா எங்களுக்குத் தெரியாதா?" என்று ஆரம்பித்துப் பின்னி எடுத்துவிட்டேன். அவரும் எங்கள் ஜனம், ஆட்டம் தெரிந்தவர். சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, நீ இவ்ளோ வையறன்னா மெஷினு மேல ஆச வெச்சிட்ட" என்றார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருக்கிறார். "வேணாம், வா."

வீட்டுக்கு வந்ததும் நன்றாகக் கேட்டேன். "அந்த மெஷினுல இன்னா கொற? சத்தமா?" "கொஞ்சம் அதிர்வு ஜாஸ்தி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் நான் வேலை முடிந்து வந்தபோது பரண்மேல் இருந்த சூட்கேஸ் கீழே இறங்கியிருந்தது. அவர் ஈரத்துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதுக்கு?" என்றேன். "பல்லி முட்ட இருந்திச்சு" என்றார். பரணில் இருக்கிற எல்லாச் சாமானிலும் பல்லி முட்டை இருக்கிறது, இவருக்கு சூட்கேஸில் இருப்பது மட்டும் கண்ணில் பட்டதாம்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷனுக்குப் போகிற ஆசை வந்துவிட்டது. அதனால்தான் தங்கம் மாதிரி இருக்கிற மெஷினையெல்லாம் தட்டிக்கழிக்கிறார். மெஷின் கிடைக்கவில்லை என்று அண்ணனிடமும் சொல்லலாம், என்னிடமும் சொல்லலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. போகிறவன் போகிறேன் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லித் தொலைப்பதுதானே! அன்றைக்கு ரசத்தில் உப்பைக் கொட்டினேன். தெரிந்தேதான் கொட்டினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டார். அது இன்னும் எரிச்சல்.

கடைசி வியாழக்கிழமை வந்தே விட்டது. காலையில் அவர், "சிதம்பரத்துல ஒண்ணு இருக்குதாம். வரியா?" என்றார். பேருக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லப் போகிறார், அதற்கு ஒரு சாட்சி வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சிதம்பரம் நெருங்கியதும் கோபுரம் தெரிந்தது. உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டேன். இறங்கிப் போய்ப் பார்க்க நேரமில்லை, இந்த ஆளை மட்டும் இங்கேயே நிறுத்திவிடு, அப்புறம் வந்து நிதானமாகப் பார்க்கிறேன் என்று பேரம் பேசினேன். சாமியிடம் மட்டும் நான் எதையும் குறை சொல்லிக் கேட்பதில்லை.

பைபாஸ் ஓரத்தில் ஒரு தகர ஷெட்டு. வியாபாரி நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம், விரலுக்கு ஒரு மோதிரம். "வாங்க சார், வாங்கம்மா" என்று உருகினார். "ஒரே ஓனரு. ஸ்கூல் பெஞ்சு மட்டும்தான் அடிச்ச மெஷினு. வெயிலே பட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே துணியை விலக்கினார்.

பச்சை! கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது. நேற்றோ முந்தாநாளோ அடித்திருக்க வேண்டும். ஆனால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் வட்ட வட்டமாகச் சில இடங்களில் பெயிண்ட் இல்லை. என்னடா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. சந்தனமும் குங்குமமும் காய்ந்து இறுகி, வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததில் வடை மாதிரி தடித்துப்போயிருந்தது. பெயிண்ட் அடித்தவன் அதைச் சுரண்டாமல், பிரஷ்ஷால் அதைச் சுற்றிச் சுற்றிப் பயபக்தியாக அடித்திருக்கிறான். ஊரை ஏமாற்றுவதற்குப் பயமில்லை, சாமிப் பொட்டைச் சுரண்டுவதற்குத்தான் பயம். இப்படிப்பட்ட பக்தியை நம்ம பக்கத்தில்தான் பார்க்க முடியும்.

எனக்கு அந்தப் பயம் கிடையாது. வியாபாரி சுவிட்சு பக்கம் போன சமயத்தில் பக்கவாட்டில் இருந்த பெரிய பொட்டை நகத்தால் நெம்பினேன். அடை மாதிரி பெயர்ந்து வந்தது. அடியில் பழைய நீல பெயிண்ட், அது கொப்புளித்து உப்பியிருந்தது. உள்ளே துரு, துருவுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. ஸ்கூல் பெஞ்சாம்! எந்த ஸ்கூல்டா கடலுக்குள்ள நடக்குது? இது படகுத்துறையில் கிடந்து, அலைத்தண்ணி வாங்கி, பாதி செத்த மெஷின். கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

சுவிட்சைப் போட்டதும் ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் ராடை உரசினார், ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி உரசினார், மறுபடி ஒட்டிக்கொண்டது. எப்படியோ பிடித்து எரிய ஆரம்பித்ததும் வத்தல் கருகுகிற மாதிரி ஒரு வாடை. "புதுப் பெயிண்ட் வாசனைங்க" என்றார் வியாபாரி. மூடியைக் கழற்றச் சொன்னார் இவர். "போல்ட்டு எறுகிப்போச்சு சார்" என்றார் அவர். இவர் காற்றுப்போகிற ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ளே சுரண்டிவிட்டு, போன் லைட்டைப் போட்டுப் பார்த்தார். பக்கத்தில் குனிந்து நானும் பார்த்தேன். வெள்ளை வெளேர். அலுமினியம்.

நிமிர்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இதுவரை எந்த இடத்திலும் செய்யாத ஒன்றைச் செய்தார். என் பக்கம் திரும்பி, "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

எனக்கு வாய்க்குள் வார்த்தைகள் முட்டி மோதின. வாழ்க்கையில் இவ்வளவு திட்டத் தகுதியான பொருளை நான் கண்டதில்லை. இதை வையாமல் விட்டால் என் அம்மா எனக்கு அம்மாவே இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் இதுவும் போச்சு. இதுதான் கடைசி மெஷின், இன்றைக்குத்தான் கடைசி நாள். இதற்கு அப்புறம் சூட்கேஸ்தான், ஏர்போர்ட்டுதான், ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டிதான். பொய் மெஷினாக இருந்தால் என்ன, கருகினால் என்ன, என் புருஷன் ஊரில் இருப்பாரே என்று ஒரு பக்கம். உழைத்துச் சேர்த்ததை இந்த விபூதிக்காரனிடம் கொட்டிவிட்டு இந்த மனுஷன் முட்டாள் ஆவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று ஒரு பக்கம்.

நான் இரண்டடி தள்ளிப் போய், பொட்டைப் பெயர்த்த இடத்தை ஒட்டி நின்றேன். முந்தானையை இழுத்து அந்தத் துரு தெரியாதபடி மறைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன்.

"கலரு நல்லாருக்கு" என்றேன்.

வியாபாரியே ஒரு நிமிஷம் திகைத்துப்போய்விட்டார். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். நான் மெஷினாகப் பிறக்காமலேயே அந்தப் பார்வை அன்றைக்கு எனக்குக் கிடைத்தது. அப்புறம் வியாபாரியிடம் திரும்பி, "எடுத்துக்கறேங்க" என்றார். வியாபாரியிடம் இன்னும் நாலைந்து பொய் மிச்சம் இருந்திருக்கும் போல, சொல்ல முடியாமல் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஒரு குட்டியானை வண்டியைப் பேசி மெஷினை ஏற்றினோம். அந்த மெஷின் முதல் கேட்டை அடித்து முடிப்பதற்குள் புகை விட்டுப் படுத்தது, அப்புறம் காயிலைப் பிடுங்கிக் காப்பரில் ரீவைண்டிங் பண்ணி இன்றைக்கும் தெருமுனை ஷெட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு முன்சீட்டில் டிரைவர், நடுவில் அவர், ஜன்னல் ஓரம் நான். மெஷின் பின்னால் தடதடவென்று ஆடிக்கொண்டு வந்தது. ஊரைத் தாண்டியதும் அவர் போனை எடுத்தார்.

"அண்ணே... மெஷினு வாங்கிட்டேண்ணே. ஆமாண்ணே, சிதம்பரத்துல... நல்ல மெஷினுண்ணே... இல்லண்ணே, வர்ல. வேற யாரையாச்சும் போட்டுக்கச் சொல்லுங்க." அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொன்னார். "சரிண்ணே. நீங்களும் ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அது அலுமினியம்" என்றேன்.

"தெரியும்."

"உப்புத் தண்ணியில கெடந்த மெஷினு."

"தெரியும். நீ நாக்குல வெச்சுப் பாத்தியே."

"கருகற வாட வந்திச்சு."

"எனக்கும் மூக்கு இருக்குது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கருமத்த வாங்கின? காடாம்புலியூர்ல தங்கமாட்டம் ஒண்ணு இருந்திச்சு, தொறமொகத்துல ஒண்ணு இருந்திச்சு. அதெல்லாம் வேணான்னுட்டு இத வாங்கியிருக்கியே, புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

டிரைவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார், காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. இவர் என் பக்கம் திரும்பினார். "தங்கமா? நீதான வீலு நொண்டுது, காயலாங்கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்ன?"

"அடப்பாவி மனுஷா! அது வெலயக் கொறைக்கறதுக்குச் சொல்றது! புடிச்சாத்தான் வைவோம்!"

"அது எனக்கெப்டித் தெரியும்? எந்த மெஷினக் காட்டினாலும் நொட்ட சொல்ற. நான் போவணும்னு இவளுக்கு இருக்குது, மாடி கட்டணும், பொண்ணப் படிக்க வெக்கணும், வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறான்னு நெனச்சேன். சரி, போயிட்டு வந்துடுவோம்னுதான் சூட்கேஸத் தொடச்சேன்."

பின்னால் ஆடிக்கொண்டு வந்த அந்தப் பச்சை மெஷினைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னிக்கி அந்தத் துருவ முந்தானையப் போட்டு மறைச்சிகினு நின்ன பாரு" என்றார். "அப்பத்தான் தெரிஞ்சிது. ஒனக்கு நான் இங்க இருந்தாப் போதும்னு."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரமும் கூடவே வந்தது. இந்த மடச் சாம்பிராணி என்னைப் பற்றி இத்தனை நாளாக என்ன நினைத்துக்கொண்டு ரசத்தில் உப்பைக் குடித்திருக்கிறார்! நான்மட்டும் என்ன யோக்கியம்? தோளில் ஒரு அடி வைத்தேன். வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன். அவர் வாங்கிக்கொண்டு சிரித்தார். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தேன், அதெல்லாம் துருவும் பச்சை பெயிண்டுமாக இருந்தது.

"போவாத மாமா" என்றேன்.

"அதான் அண்ணங்கிட்ட வர்லன்னு சொல்லிட்டேனே."

"நீ அண்ணங்கிட்ட சொன்ன. நான் இன்னும் ஒங்கிட்ட சொல்லவே இல்ல. போவாத."